உடலைத் திறப்பதும் மூடுவதும் யார் விருப்பம்?

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் ஓர் அரசாணை பிறப்பித்தார். நாடார் பெண்கள் இனி மார்பை மறைத்துக்கொள்ளலாம். குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையில்தான் அந்த ஆணையின் உயிர் இருந்தது. அதற்கு முன் கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள், மூன்று கட்டங்களாக, சந்தைகளில் பெண்களின் ரவிக்கைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் தீ வைக்கப்பட்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் அழுத்தம் கொடுத்த பிறகே அரசு இவ்வளவாவது இறங்கி வந்தது.

காமத்தோடு தொடர்பில்லாத வெற்றுடலைப் பற்றிப் பேசும்போது நான் இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நம் முன்னோர் உடலைக் கண்டு கூசவில்லை, வெள்ளைக்காரனும் பாதிரியாரும் வந்துதான் கூச்சத்தைக் கற்றுத்தந்தார்கள் என்றொரு வாதம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதில் பாதி உண்மை. திருவிதாங்கூரில் திறந்த மார்பு காமத்தின் அடையாளமாக இருக்கவில்லைதான். அது பணிவின் அடையாளமாக இருந்தது. மேல்நிலையில் இருப்பவர் முன் கீழ்நிலையில் இருப்பவர் மேலாடையை விலக்க வேண்டும். நாயர் பெண்களும் நம்பூதிரிகள் முன் அப்படித்தான் நின்றார்கள். காமம் இல்லாததாலேயே ஒரு வெற்றுடல் களங்கமற்றதாகிவிடாது என்பதை அந்த மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் நமக்குக் காட்டுகிறது.

மறுபாதி உண்மையைக் காண எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரியை வலப்புறமிருந்து பார்த்தால் இரண்டு கைகளோடு நிற்கும் ஆண். இடப்புறம் வந்தால் ஒரே கை, வளைந்த இடுப்பு, திரண்ட ஒற்றை மார்பு. பெண் பாதியில் துணி இருப்பதே இடைக்குக் கீழே ஓடும் மெல்லிய கீறல்களால்தான் தெரிகிறது. அந்த மார்பை மறைக்க வேண்டும் என்று ஸ்தபதிக்குத் தோன்றவில்லை. இத்தகைய செப்புத்திருமேனிகள் கோயிலில் உற்சவராக எழுந்தருளும்போது பட்டும் மாலையும் சாத்தப்பட்டு, முகமும் கையும் மட்டுமே வெளியே தெரிகின்றன. அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாக நிற்கும்போது வார்த்த கோலத்திலேயே இருக்கின்றன. இரண்டையும் ஒரே தமிழர் இயல்பாகக் கும்பிடுகிறார், இயல்பாக ரசிக்கிறார். சிரவணபெளகொளாவில் நிற்கும் பத்தாம் நூற்றாண்டு கோமடேசுவரர் நிர்வாணமாகவே நிற்கிறார். திகம்பரத் துறவி தருண் சாகர் 2016இல் ஹரியானா சட்டமன்றத்தில் அதே கோலத்தில் உரையாற்றினார். கேலி செய்த இசையமைப்பாளர் ஒருவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆண் துறவிக்கு உடனே கிடைத்த இந்த மரியாதையைப் பெண்ணுக்குத் தர நம் சமூகம் தயங்குகிறது. ஆடை துறந்த கன்னடப் பக்திக் கவி அக்கமகாதேவியைக்கூட நம் ஓவியர்கள் நீண்ட கூந்தலால் போர்த்திய பிறகே நாம் பார்க்கிறோம்.

சட்டம் வேறு வழியில் வந்தது. ஆபாசத்தை அளக்க இந்திய நீதிமன்றங்கள் கையில் வைத்திருந்தது 1868ஆம் ஆண்டின் ஆங்கிலேய அளவுகோல். ஹிக்ளின் சோதனை என்பார்கள். ஒரு படைப்பு, எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனத்தைக் கெடுக்குமா என்று பார்ப்பதுதான் அது. மிகப் பலவீனமான பார்வையாளரே அங்கே நீதிபதி. 1964இல் ரஞ்சித் உதேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் கலையில் நிர்வாணம் இருப்பது மட்டுமே ஆபாசத்துக்குச் சான்றாகாது என்றும் அதே தீர்ப்பில் எழுதியது. இந்தச் சிறு கதவு முழுதாகத் திறக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1996இல் சேகர் கபூரின் 'பண்டிட் குயீன்' வழக்கு. பூலன் தேவியை ஆடையின்றி ஊர்க் கிணற்றடிக்கு நடத்திச் செல்லும் காட்சியை நீக்கக் கேட்டார்கள். அந்தக் காட்சி பார்ப்பவரிடம் எழுப்புவது இச்சையல்ல, அருவருப்பும் இரக்கமும்தான் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்தது ஒரு புகைப்படம். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பார்பரா ஃபெல்டஸும் ஆடையின்றி நிற்கிறார்கள். அவள் மார்பை அவர் கை மறைக்கிறது. எடுத்தவர் பார்பராவின் தந்தை. வெள்ளையரும் கறுப்பினப் பெண்ணும் இணைவதை வெறுத்தவர்களுக்கான பதில் அது. ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' இதழில் வந்ததை 1993இல் கல்கத்தாவின் 'ஸ்போர்ட்ஸ் வேர்ல்ட்', 'ஆனந்தபஜார் பத்திரிகா' இரண்டும் மறுபதிப்புச் செய்தன. அதன் மீதான வழக்கு முடிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2014 பிப்ரவரியில் வந்த அவீக் சர்க்கார் தீர்ப்பு ஹிக்ளினைக் கைவிட்டது. சமகாலச் சமூகத்தின் சராசரி மனிதர் எப்படிப் பார்ப்பார், படம் எந்தச் சூழலில் எதைச் சொல்ல வந்தது என்பவை புதிய அளவுகோல்கள் ஆயின.

தீர்ப்பு சாதகமாக வந்தால் போதுமா? எம்.எஃப். உசேனின் பாரதமாதா ஓவியம் ஆபாசமல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2008இல் சொன்னது. அதற்குள் அவர் நாட்டைவிட்டுப் போயிருந்தார். 2010இல் கத்தார் குடியுரிமை பெற்றார், 2011இல் லண்டனில் இறந்தார்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் உலுக்கிய நிகழ்வு நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தது. 2004 ஜூலையில் மணிப்பூரில் தங்ஜம் மனோரமா, அசாம் ரைபிள்ஸ் படையினர் பிடித்துச் சென்ற பிறகு பிணமாகக் கிடைத்தார். ஜூலை 15 அன்று இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் பன்னிரண்டு தாய்மார்கள் ஆடை களைந்து, இந்திய ராணுவமே எங்களையும் வன்புணர்ந்துகொள் என்ற பதாகையை ஏந்தி நின்றார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அதே மண்ணில் நாடக இயக்குநர் ஹெய்ஸ்னாம் கன்ஹைலால், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையை மேடையேற்றினார். அதன் இறுதியில் நடிகை சாபித்ரி ஆடையின்றி நின்றபோது பலர் முகம் சுளித்தார்கள். காங்லா வாசலுக்குப் பிறகு அந்த நாடகத்தை யாரும் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. 2004 நவம்பரிலேயே அசாம் ரைபிள்ஸ் படை காங்லாவைக் காலி செய்தது. திருவிதாங்கூரில் ஆணையிட்டவர்கள் திறக்கச் செய்த உடலை, மணிப்பூரில் உடலுக்குரியவர்களே திறந்தார்கள். எவ்வளவு துணி என்பதைவிட யாருடைய விருப்பம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேரளத்தில் இந்தக் கேள்வி இரண்டு முறை நேரடியாக எழுந்தது. 2018இல் 'கிருகலட்சுமி' இதழ், மார்பை மறைக்காமல் பாலூட்டும் பெண்ணை அட்டையில் போட்டது. முறைத்துப் பார்க்காதீர்கள் என்பதே அதன் செய்தி. அட்டையில் இருந்தவர் குழந்தை பெறாத நடிகை என்ற விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. பாலூட்டும் தாய் ஒருவரே முன்வந்திருந்தால் அதன் வலிமை கூடியிருக்கும். ஆனாலும் அதில் ஆபாசம் காண உயர் நீதிமன்றம் மறுத்தது சரி. 2020இல் செயற்பாட்டாளர் ரெஹானா ஃபாத்திமா, தன் வெற்று மார்பில் தன் பிள்ளைகள் ஓவியம் வரையும் காணொளியை வெளியிட்டார். போக்சோ பாய்ந்தது; உச்ச நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்தது. 2023 ஜூனில் நீதிபதி கௌசர் எடப்பகத் அவரை வழக்கிலிருந்து விடுவித்தார். திருச்சூர்ப் புலிக்களியில் ஆண்களின் வெற்றுடலில் வண்ணம் பூசுவது இயல்பாக இருக்க, பெண்ணின் உடல் மட்டும் ஏன் எப்போதும் காமப்பொருளாகவே பார்க்கப்பட வேண்டும் என்று அத்தீர்ப்பு கேட்கிறது. பிள்ளைகளைக் கேமரா முன் நிறுத்தியது குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. அதைக் குற்றமாக்கியது குறித்து எனக்கு வருத்தமே உண்டு.

தமிழ் சினிமா இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. 2019இல் ரத்னகுமார் இயக்கத்தில் அமலா பால் நடித்த 'ஆடை' வந்தது. முலைவரியை எதிர்த்துத் தன் மார்பை அறுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் நங்கேலியின் வாய்மொழிக் கதையோடு தொடங்கும் படம், கடைசியில் நிர்வாணத்தை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பாடமாக்கிவிட்டது. தொடங்கிய இடத்துக்கு அது நேர்மையாக இருக்கவில்லை.

இன்று எது தெரியலாம் என்று முடிவு செய்யும் இடம் தணிக்கைக் குழுவோ நீதிமன்றமோ அல்ல, சமூக ஊடக நிறுவனங்கள். நேபாம் குண்டில் உடல் வெந்து ஆடையின்றி ஓடிவரும் வியட்நாம் சிறுமியின் 1972ஆம் ஆண்டுப் படத்தை ஃபேஸ்புக் 2016இல் நீக்கியது. அதைப் பகிர்ந்த நார்வே பிரதமரின் பதிவையும் நீக்கியது. உலகமே கண்டித்த பிறகு திரும்ப அனுமதித்தது. 2020இல் பிரேசிலில் ஒரு பெண், மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளைக் காட்டும் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டார். முலைக்காம்பைக் கண்டதும் இயந்திரமே அழித்தது. விழிப்புணர்வுப் படங்களுக்கு நிறுவனத்தின் விதியிலேயே விலக்கு இருந்தும் அது நடந்தது. அந்நிறுவனத்தின் மேற்பார்வைக் குழு 2021 ஜனவரியில் அதைத் தவறு என்றது.

அந்தப் புற்றுநோயின் அறிகுறிகளை எழுத்தில் விளக்கிப் புரியவைப்பது கடினம். காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போல் குழிவது, ஒரு பக்கம் மட்டும் சிவப்பது ஆகியவற்றை ஒரு முறை கண்ணால் பார்த்த பெண், தன் உடலில் அவை தோன்றினால் அடையாளம் கண்டுகொள்வாள். வார இதழ்களின் மருத்துவப் பக்கங்களில் இந்தப் படங்கள், இளஞ்சிவப்பு ரிப்பன் ஓவியத்துக்குப் பதிலாக, மங்கலாக்காமல் அச்சாக வேண்டும். 2014 தீர்ப்புக்குப் பிறகு அதற்குச் சட்டம் தடையாக நிற்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர்கள் முடிவு செய்தால் அடுத்த இதழிலேயே செய்யலாம்.