மரை கேஜின் குறிகள்: பழுது பார்க்கும் பட்டறைக்குப் போதுமா?

தேனியிலிருந்து போடிக்கும் கம்பத்துக்கும் போகிற சாலைகளில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் வீல் போல்ட், திராட்சைத் தோட்டத்து மோட்டாரின் ஷாஃப்ட், வாழைக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாய் என்று ஏதாவது ஒன்று மரை தேய்ந்து அங்கே வந்து சேரும். ஒரே அளவில் ஆயிரக்கணக்கான போல்ட் செய்யும் தொழிற்சாலைகள் அல்ல அவை. வந்ததைச் சரிசெய்து அனுப்பும் இடங்கள். மரையின் அளவைச் சோதிக்கும் மரை கேஜின் மேல் பொறிக்கப்படும் குறிகளை எடைபோடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. அந்தக் குறிமுறை தொழிற்சாலைக்காகப் பிறந்தது. பட்டறைக்கு அது பாதிதான் உதவுகிறது என்பது என் கருத்து.

அதன் சிறப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. நட்டுக்குள் திருகிச் சோதிக்கும் ஒரு பிளக் கேஜின் கைப்பிடியில் ‘எம் 10 × 1.5 – 6 எச்’ என்று இருக்கிறது. எம் என்றால் மெட்ரிக் மரை, அதாவது 60 பாகைக் கோணம். 10 என்பது மில்லிமீட்டரில் வெளிவிட்டம், 1.5 என்பது பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம். ஆங்கிலப் பெரிய எழுத்தில் எச் இருந்தால் நட்டின் உள்மரை. சிறிய எழுத்தில் ஜி இருந்தால் போல்ட்டின் வெளிமரை. 6 என்ற எண் எவ்வளவு பிசகலாம் என்பதைச் சொல்கிறது. எண் கூடக் கூட விலக்கும் கூடும். இந்த நட்டின் பிட்ச் விட்டம், அதாவது மரைப்பல்லின் நடுப்பகுதியில் அளக்கும் விட்டம், 9.026 முதல் 9.206 மி.மீ. வரை இருக்கலாம். அதற்கு ஜோடியான 6 ஜி போல்ட்டுக்கு 8.862 முதல் 8.994 வரை. மிக இறுக்கமாக அமைந்த ஜோடியிலும் 0.032 மி.மீ. இடைவெளி மிஞ்சும்; துத்தநாகப் பூச்சுக்கும் அதில் இடம் உண்டு. இத்தனையும் ஒரு விரற்கடை நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. எந்த நாட்டில் செய்த கேஜாக இருந்தாலும் வாசிப்பு ஒன்றே.

எழுத்தைப் படிக்காதவருக்கும் கேஜின் உருவமே பேசும். ‘கோ’ முனையில் மரை நீளமாக, முழுமையாக இருக்கும். அது தடையில்லாமல் ஏற வேண்டும். ‘நோ கோ’ முனையில் மரை குட்டை. பெரும்பாலும் சிவப்பு வளையமும் இருக்கும். அது இரண்டு சுற்றுக்கு மேல் போகக் கூடாது. ‘கோ’ எல்லா அளவையும் சேர்த்துச் சோதிக்கட்டும், ‘நோ கோ’ ஒன்றை மட்டும் சோதிக்கட்டும் என்ற கொள்கையை 1905இல் முன்வைத்தவர் இங்கிலாந்தின் லென்ஸ் தயாரிப்பாளர் வில்லியம் டெய்லர். நூறாண்டுக்கு மேலாகியும் இதைவிட எளிய சோதனை வரவில்லை.

ஆனால் இந்தச் சோதனை ‘இந்த மரை சரியா’ என்ற கேள்விக்கே பதில் சொல்கிறது. போடிப் பட்டறையில் எழுகிற கேள்வி வேறு: ‘இது என்ன மரை?’ வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்பில் அமெரிக்க இஞ்ச் மரை. அதே வண்டியில் பிறகு மாற்றிப் பொருத்திய இன்ஜின் மெட்ரிக்காக இருக்கலாம். தோட்டத்துப் பழைய லிஸ்டர் இன்ஜினில் 55 பாகை விட்வொர்த் மரை. மூன்றும் ஒரே மேசைக்கு வருகின்றன. அங்கே கைக்கு உதவுவது பிட்ச் கேஜ் என்னும் சீப்புத் தகடு. அதன் குறிதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. தகட்டில் 16 என்ற எண் மட்டும் இருக்கும். கோணம் பெரும்பாலும் உறையின் மேல்தான் இருக்கும். 3/8 இஞ்ச் விட்வொர்த், 3/8 இஞ்ச் அமெரிக்க மரை இரண்டுக்குமே இஞ்சுக்கு 16 மரைதான். உறையிலிருந்து கழன்ற தகடு எந்தக் கோணத்துக்கு உரியது என்பதை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டும்.

‘மாதிரி போல்ட்டைப் போட்டுப் பார்த்தால் போதாதா?’ என்று கேட்பார்கள். பல வேலைகளுக்குப் போதும். ஆனால் 3/8 இஞ்ச் போல்ட் எம் 10 நட்டில் சில சுற்று தளர்வாக ஏறி, பிறகு இறுகும். இறுகியதைப் பொருந்தியதாக எடுத்துக்கொண்டு ஸ்பேனர் போட்டால் மரை பிய்ந்துவிடும். மலைப்பாதையில் ஓடும் வண்டியில் அதை ஏற்க முடியாது.

குழாய் விஷயம் இன்னும் மோசம். எடை, அளவுகளை மெட்ரிக்குக்கு மாற்றும் சட்டம் 1956இல் வந்தது. குழாய்க் கடையில் இன்றும் இஞ்ச்தான். அரை இஞ்ச் குழாய் மரையின் வெளிவிட்டமோ 20.955 மி.மீ.; அரை இஞ்சைத் தேடினால் மரையில் எங்கும் கிடைக்காது. ஜி என்று பொறித்திருந்தால் நேர்மரை, ஆர் என்றால் சரிவுமரை. சரிவுமரைக்கு உரிய கேஜில் இரண்டு முனை இல்லை, படிகள் உண்டு. குழாயின் வாய் அந்தப் படிகளுக்கு இடையில் நிற்க வேண்டும். சோதிக்கும் முறையிலுள்ள இந்த வித்தியாசத்தைக் கேஜின் எழுத்து சொல்லித் தராது. பிரிட்டிஷ் அரை இஞ்சுக்கும் அமெரிக்க அரை இஞ்சுக்கும் 14 மரைதான்; கோணமோ 55, 60. ஒன்று மற்றதில் ஏறும், பிறகு கசியும். டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கசிவை மறைக்கிறோம். கால் இஞ்ச் பிரஷர் கேஜில் பிரிட்டிஷ் 19 மரைக்கும் அமெரிக்க 18 மரைக்கும் உள்ள பேதம் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும் என்பதால் ஆபத்து குறைவு.

தேய்மானம் பற்றியும் குறி மௌனம். பிளக் கேஜின் ‘கோ’ முனை ஒவ்வொரு சோதனையிலும் சிறிது தேய்கிறது. மெலிந்த முனை, ஏற்கக் கூடாத இறுக்கமான நட்டையும் ஏற்கும். பொறித்த எழுத்து மட்டும் புதிதாகவே இருக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கும் செலவைத் தொழிற்சாலை தாங்கும். ஒற்றை லேத் வைத்திருப்பவர் தாங்க மாட்டார்.

ஆகவே பட்டறைக்கு விலை கூடிய பிளக் கேஜைவிட 55, 60 இரண்டு கோணத்துச் சீப்புத் தகடுகளும் ஒரு வெர்னியரும் முதல் தேவை. தகடு செய்பவர்கள் ஒவ்வொரு தகட்டிலும் கோணத்தைப் பொறிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. தொழிற்பயிற்சி நிலையங்கள் புதிய மெட்ரிக் போல்ட்டை மட்டும் காட்டாமல், பழைய இரும்புக் கடைப் போல்ட்டைக் கொடுத்து ‘இது என்ன?’ என்று தேர்வு வைக்க வேண்டும். வாடிக்கையாளருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: கழன்ற போல்ட்டை மட்டும் பட்டறைக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்; அது ஏற வேண்டிய நட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.