கல்லறையும் கல்வெட்டும்

தென்காசிக்காரர்களுக்குக் கல்வெட்டு என்றால் கோயில்தான் நினைவுக்கு வரும். 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலைக் காத்துப் பேணுகிறவர் யாராக இருந்தாலும் அவர் பாதத்தில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். தான் மறைந்தபின் வரப்போகிறவர்களோடு பேசிய அரசன் அவன்.

கடையநல்லூரை அடுத்த போகநல்லூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே ஒரு முறை துஷ்டி கேட்கப் போயிருந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே முதுமை அடைந்துவிட்ட ஓர் அம்மா என்னிடம், "உங்கட பக்கத்தில செத்த ஆக்களுக்குக் கல்வெட்டு அடிக்கிறேல்லையோ தம்பி?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. கல்வெட்டை வெட்டத்தானே செய்வார்கள், அடிப்பது எப்படி? அவரே விளக்கினார். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்பது அச்சடித்த சிறு புத்தகம். இறந்தவரின் பிறப்பு, பெற்றோர், படிப்பு, தொழில், திருமணம், பிள்ளைகள், அவர் ஊருக்குச் செய்த காரியங்கள் எல்லாவற்றையும் எழுதி, இரங்கற்பாக்களும் சேர்த்து, 31ஆம் நாளில் வந்தவர்கள் கையில் கொடுப்பார்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. தமிழகம், இலங்கை என இரண்டு கரையிலும் கத்தோலிக்கர் ஒரே விசுவாசத்தை அறிக்கையிடுகிறார்கள், ஒரே மொழியில் ஒரே செபமாலையைச் சொல்கிறார்கள். ஆனால் இறந்தவரை நினைவில் வைத்துக்கொள்ளும் முறையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. நாம் சாவை நினைவுகூர்கிறோம். அவர்கள் வாழ்வையும் எழுதி வைக்கிறார்கள்.

முதலில் சாவுச் செய்தி. தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் துக்க மணி அடித்தால் வயலில் நிற்பவரும் தலைத்துண்டை எடுப்பார். ஒரு மணி நேரத்துக்குள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். பெரிய படம், 'மண்ணில்' ஒரு தேதி, 'விண்ணில்' ஒரு தேதி, 'கண்ணீர் அஞ்சலி', கீழே அஞ்சலி செலுத்துகிறவர்களின் பெயர்கள். பல நேரங்களில் இறந்தவரைப் பற்றி அதில் இருப்பது இரண்டு தேதிகள் மட்டுமே. அஞ்சலி செலுத்துகிறவர்களைப் பற்றித்தான் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம். குற்றாலச் சாரல் நான்கு நாள் அடித்தால் அதுவும் கிழிந்து தொங்கும்.

இலங்கையில் 'மரண அறிவித்தல்' என்பது தனி இலக்கணம் உடையது. எந்த ஊரைப் பிறப்பிடமாகவும் எந்த ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற எந்தத் தம்பதியின் அன்பு மகன், யாருடைய கணவர், யார் யாருடைய பாசமிகு தந்தை, மைத்துனர், பேரன் என்று வரிசையாக வரும். முன்பின் அறியாத ஒருவர்கூட அதை வைத்து அந்தக் குடும்பத்தின் வம்ச மரத்தை வரைந்துவிடலாம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்த நடை பழக்கமானது. இலங்கை வானொலி வீட்டுக்கு வீடு கேட்ட காலத்தில், பாட்டுக்கு நடுவே வந்த மரண அறிவித்தலைத் தென்பாண்டிச் சீமையும் கேட்டது. பெயரறியாத ஊர்களின் பெயரறியாத மனிதர்களுக்காக இங்கே அடுப்படியில் நின்ற பெண்கள் 'உச்' கொட்டினார்கள். போரும் இடப்பெயர்வும் வந்தபின் பிறப்பிடம் ஓர் ஊர், வசிப்பிடம் மூன்று நாடு என்று அந்த அறிவித்தல்கள் நீண்டன. ஒரு மக்கள்கூட்டம் சிதறிய வரலாறு முழுவதும் அந்த முதல் இரண்டு வரிகளில் இருக்கிறது.

அடக்கத்துக்குப் பிறகான நாட்களைப் பார்ப்போம். நம் பக்கத்தில் சில குடும்பங்கள் பதினாறாம் நாள் வைக்கும், சில முப்பதாம் நாள், சில நாற்பத்தொன்றாம் நாள். பூசைக்குக் கேட்பார்கள், வீட்டில் செபமாலை சொல்வார்கள், சாப்பாடு போடுவார்கள். இலங்கையில் பெரும்பாலும் 31ஆம் நாள். இந்துக்கள் அந்தியேட்டி செய்யும் அதே நாளில் கத்தோலிக்கர் நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள். இந்துக்களின் கல்வெட்டில் தேவாரம் அச்சாகும் இடத்தில், கத்தோலிக்கரின் நினைவு மலரில் செபங்களும் பாடல்களும் வரும். இறந்த ஆண்டு, மாதம், திதி மூன்றையும் ஒரு வெண்பாவில் கட்டி வைக்கும் 'திதி வெண்பா' கல்வெட்டின் மரபு. ஆண்டுதோறும் திவசம் தவறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

அடக்கம் செய்யும் இடத்துக்கு இரு கரையிலும் வழங்கும் சொற்களும் வேறு. நமக்குக் கல்லறைத் தோட்டம். அவர்களுக்குச் சேமக்காலை. மாடுகளை அடைத்துக் காக்கும் இடத்தை அவர்கள் மாட்டுக்காலை என்பார்கள். சேமக்காலை என்றால் பத்திரமாக வைத்திருக்கும் இடம் என்றே என் காதில் விழுகிறது. இறந்தவரைப் போட்டுவிட்டு வந்ததாக அந்தச் சொல் சொல்லவில்லை, ஒப்படைத்துவிட்டு வந்ததாகச் சொல்கிறது.

இனி, நம் பக்கத்தின் செல்வத்தைச் சொல்ல வேண்டும். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தென்காசி வட்டாரத்தில் அது வடகிழக்குப் பருவமழையின் நாள். ஒரு வாரம் முன்பே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சரிந்த சிலுவையை நிமிர்த்தி வைப்பார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் கேரளத்திலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் முடிந்தவரை வந்து சேர்வார்கள். மாலையில் கல்லறைத் தோட்டத்திலேயே பூசை. சாமியார் ஒவ்வொரு கல்லறையாகப் போய்த் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். தூறல் மெழுகுவர்த்தியை அணைக்கும், பக்கத்துக் கல்லறைச் சுடரிலிருந்து மறுபடி ஏற்றுவார்கள். ஆளில்லாத கல்லறையில் யாரோ ஒருவர் ஒரு திரி வைப்பார். ஊர் முழுவதும் தன் இறந்தவர்களோடு ஒரே இடத்தில் நிற்கும் நாள் அது. ஆடி அமாவாசையன்று குற்றாலம் பேரருவிக் கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூடும் மக்களைப் பார்த்தவர்களுக்கு, இந்த மண்ணின் எல்லா வழிபாட்டிலும் ஓடும் ஒரே உணர்வு புரியும்.

நவம்பர் 2 ஈழத்துக் கத்தோலிக்கருக்கும் உரியதுதான். ஆனால் அங்கே பலருக்குக் கல்லறைக்குப் போகும் உரிமையே பல ஆண்டுகள் பறிபோயிருந்தது. யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கின் மயிலிட்டி மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்ட அந்த ஊரின் துறைமுகப் பகுதி 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. 27 ஆண்டுகள். தாயின் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற முடியாதவருக்கு, அலமாரியில் இருக்கும் நினைவு மலர்தான் கல்லறை. கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே. ஈழத்தவரிடையே தாள் கல்லை விட உறுதியாக நின்றதன் காரணம் இது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு வெளியீடுகளைத் தேடித் திரட்டி வைத்திருக்கிறது. ஒரு வீட்டின் துக்கமாகப் பிறந்த சிற்றேடு, இன்று ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு மூல ஆவணம்.

நம் பக்கத்தில் ஏன் எழுதவில்லை? திருச்சபை பதிவு செய்யாமல் இல்லை. 1614இல் வந்த உரோமைச் சடங்கு நூல் காலத்திலிருந்து ஒவ்வொரு பங்கிலும் இறப்புப் பதிவேடு கட்டாயம். இன்றைய திருச்சபைச் சட்டமும் அதைக் கேட்கிறது. பெயர், வயது, தேதி, அவஸ்தை பூசப்பட்டதா, எங்கே அடக்கம் என்று ஒரு வரி. அவ்வளவுதான் அதன் வேலை. அடக்கத் திருப்பலியின் மறையுரை புகழுரையாக மாறக் கூடாது என்பதும் வழிபாட்டு ஒழுங்கு. பலிபீடத்தின் முன் பண்ணையாரும் கூலியாளும் ஒன்று என்ற உயர்ந்த எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஆனால் அதே ஒழுங்கு, நன்மை (நற்கருணை) வாங்கியபின், இறுதிப் பிரியாவிடைக்கு முன், குடும்பத்தார் ஒருவர் இறந்தவரை நினைவுகூர்ந்து சில வார்த்தை பேச இடம் தருகிறது. அந்த இடத்தை நாம் வெறுமையாக விட்டுவிட்டோம். வாழ்வைச் சொல்லும் பொறுப்பு முன்பு ஒப்பாரியிடம் இருந்தது. என்ன உழைத்தார், யாருக்குச் சோறு போட்டார் என்று பாட்டிமார் அழுதபடியே ஒரு வாழ்க்கை வரலாற்றைப் பாடிவிடுவார்கள். இன்று ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டு ஓடுகிறது, பாட்டி கல்லறையில் இருக்கிறார்.

எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் இரு கரையின் புனிதர்களே சாட்சி. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தைப் பற்றி, நான்கே ஆண்டுகளில், 1756இல், கொச்சி ஆயர் உரோமைக்கு அறிக்கை எழுதினார். 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டார். ஒல்லாந்தர் தடை விதித்த காலத்தில் இலங்கையில் மறைந்து திரிந்து பணியாற்றிய யோசேப் வாஸ் 1711இல் இறந்தார். அவர் வரலாறு 1745இல் லிஸ்பனில் நூலாக வந்தது. 2015இல் அவரும் புனிதரானார். ஆனால் 1544இல் மன்னாரில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட ஏறத்தாழ 600 பேர்? தோட்டவெளியில் அவர்களுக்காக இன்றும் மன்றாடுகிறார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை. சிந்திய இரத்தம் ஒன்றுதான். எழுதினார்களா இல்லையா என்பதுதான் வேறு.

நினைவு மலர் மரபிலும் குறை உண்டு. அச்சடிக்கப் பணம் வேண்டும், எழுதத் தெரிந்தவர் வேண்டும். ஆகவே ஆசிரியர், எழுதுவினைஞர், வணிகர் ஆகியோரின் வாழ்வு நூலாகிறது. கடற்தொழிலாளியும் கூலிப்பெண்ணும் குறைவாகவே இடம்பெறுகிறார்கள். புகழுரை மிகுந்து உண்மை மனிதர் மறைந்துபோவதும் உண்டு. இன்னும் பெரிய வெறுமை மலையகத்தில். 19ஆம் நூற்றாண்டில் நம் மாவட்டங்களிலிருந்து கண்டிச் சீமைக்குக் கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்களில், தலைமன்னாரிலிருந்து மலைக்கு நடந்த வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து அவர்களை நினைவுகூர்ந்தார்கள். எழுத்தும் கல்லும் இல்லாதபோது, நடந்த கால்களே நினைவுச் சின்னமாயின.

அதுபோலவே யாழ்ப்பாணத்து நவாலி. 1995 ஜூலை 9 அன்று புனித பேதுரு பவுல் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் கூடுகிறது, திருப்பலி நடக்கிறது, சுடர் ஏற்றப்படுகிறது. தாளில் எழுதும் பழக்கம் உடையவர்களும், கூடி நிற்பதன் அருமையைக் கைவிடவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் நினைவு முழுமை பெறுகிறது.

ஆகவே என் முடிவு இதுதான். கூடி நிற்பதில் நம் ஊர்கள் யாருக்கும் குறைந்தவை அல்ல. எழுதுவதை நாம் ஈழத்திடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அதையும் பணக்காரர்களின் வழக்கமாகக் கொண்டுவராமல், எல்லோருக்கும் உரியதாகக் கொண்டுவர வேண்டும். அதற்கான அமைப்பு நம்மிடம் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் அன்பியங்கள் என்னும் சிறு குழுக்கள் உண்டு. அன்பியத்தில் ஒருவர் இறந்தால், முப்பதாம் நாளுக்குள் அவர் வாழ்வை ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். பள்ளிக்கூடம் போகும் ஒரு பேத்தி போதும். எந்த ஊரில் பிறந்தார், எந்த வேலை செய்தார், என்ன சமைப்பார், எந்தப் பாட்டைக் கோயிலில் உரக்கப் பாடுவார், யாரிடம் சண்டை போட்டுப் பிறகு பேசினார் என்று கேட்டு எழுதலாம்.

மடியில் சுளகை வைத்து நாற்பது ஆண்டு பீடி சுற்றிய தாய்மார் எங்கள் தெருக்களில் எத்தனையோ பேர். இலையை வெட்டி, தூளை அளந்து வைத்து, நூல் கட்டிய அந்த விரல்களின் வேகம், அந்தக் கூலியில் ஒரு பிள்ளையைச் செவிலியராகவும் ஒரு பிள்ளையை ஆசிரியராகவும் ஆக்கிய கணக்கு, நெஞ்சு இருமலோடு முடிந்த கடைசி நாட்கள், இவற்றில் ஒன்றும் இறப்புப் பதிவேட்டில் இல்லை. அப்படி ஒருவரின் கல்லறையில் பெயரும் இரண்டு தேதியும் இருக்கும். இரண்டு தேதிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறு கோட்டுக்குள் அவர் வாழ்வு முழுவதும் கிடக்கிறது.

அந்தப் பக்கங்களை ஒரு நோட்டில் தைத்து, பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பங்குச் சாமியார்களைக் கேட்டுக்கொள்கிறேன். நவம்பர் 2 அன்று, மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன், அந்த ஆண்டு இறந்தவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். இதைப் படிக்கிறவர் வீட்டில் இந்த ஆண்டு ஒரு சாவு நடந்திருந்தால், இறந்தவரை அறிந்த பெரியவர் ஒருவர் இன்னும் உயிரோடு இருப்பார். இன்றைக்கே ஒரு நோட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.