கேளிக்கைப் பூங்காவும் பெற்றோர் உள்ளமும்

பெரும்பொருள் செலவிட்டுக் கேளிக்கைப் பூங்காக்களுக்குச் செல்லும் பெற்றோரை வினவின், பிள்ளைகளின் பொருட்டே சென்றோம் என்பர். திறனாய்வாளரோ அதனை உலகியலுக்கு அஞ்சித் தப்பியோடும் மனப்பான்மை என்பர். இவ்விரு கூற்றும் முழுமையானவை அல்ல என்பதே எம் கருத்து.

வால்ட் டிஸ்னி தம் புதல்வியர் இருவரையும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவிலே குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, வாங்கொன்றிலே வாளாவிருப்பாராம். பிள்ளைகள் களிக்கப் பெற்றோர் காத்துக்கிடக்கும் அவ்வெறுமையே, இருதிறத்தாரும் ஒருங்கே மகிழ்தற்குரிய ஓரிடத்தைப் பற்றி எண்ணச் செய்தது என அவரே கூறியுள்ளார். அவ்வெண்ணம் 1955 யூலை 17இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து ஆகத் திறக்கப்பட்டது. எனவே பெற்றோர் அங்கே பிள்ளைகளுக்குத் துணையாக மட்டும் செல்பவர் அல்லர். அவர்களது சலிப்பிலேயே அவ்விடம் கருக்கொண்டது. அதனைச் சூழ மண்மேடு ஒன்று எழுப்பப்பட்டமையும் கருதத்தக்கது. உள்ளே நிற்போர் கண்ணுக்கு வெளியுலகம் புலப்படலாகாது என்பதே அதன் நோக்கம்.

1992 ஏப்பிரல் 12இல் பாரிசு நகருக்குக் கிழக்கே இத்தகைய பூங்கா திறக்கப்பட்டபோது, பிரெஞ்சு அறிஞர் சிலர் அதனைப் பண்பாட்டுக்கு நேர்ந்த கேடெனப் பழித்தனர். இன்று வன்னியிலிருந்து சென்று அந்நாட்டில் வாழும் நம்மவரும் கோடை விடுமுறையில் அங்கே செல்கின்றனர். போர் முடிந்த 2009இல் பதினான்கு வயதினராயிருந்த என் மாணவர் ஒருவர், இப்பொழுது பாரிசில் உணவகமொன்றின் சமையற்கட்டில் உழைக்கிறார். அங்கே ஒரு நாள் கழிப்பதற்குப் பல வாரங்கள் இரவு வேலையும் சேர்த்துச் செய்தாராம். இத்துணைச் செலவு எதற்கு என்றேன். "சேர், அன்றைக்கு ஒருநாள் பிள்ளைகளை நினைத்துப் பயப்படாமல் இருக்கலாம்" என்றார்.

இவ்விடை எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. வழி தவறுவோமா, அடுத்தது யாது என்னும் கவலைகளை எல்லாம் அன்று வேறெவரோ சுமக்கின்றனர். அவர் விலைகொடுத்து வாங்கியது விளையாட்டை அன்று, அச்சமின்மையை. சிறைப்பட்டவன் தப்புதலையும் படைவீரன் களம்விட்டு ஓடுதலையும் ஒன்றெனக் கொள்வது பிழை என்று டோல்கீன் 1939இல் ஆற்றிய உரையொன்றிற் காட்டினார். பதுங்குகுழியிற் பிள்ளைப்பருவத்தைக் கழித்தவரை ஓடுகாலி எனல் எங்ஙனம் பொருந்தும்?

ஆயினும் இங்கு ஒரு குறை உண்டு. மண்மேட்டுக்குள் ஒருநாள் நிற்பதற்கு வேண்டிய பணத்தை, அது மறைக்கும் உலகத்திலேயே உறக்கம் கெட்டு ஈட்ட வேண்டியுள்ளது. பணமில்லாதவர் வாயிலில் நிற்கவேண்டியதே. நம் முன்னோர் அறிந்த இன்பத்துக்கு வாயில் இல்லை. பரிபாடலில் இன்று கிடைக்கும் 22 பாடல்களுள் 8 வையைக்கு உரியன; புதுப்புனல் வந்ததும் முதியோர் இளையோர் என்னாது மதுரை முழுவதும் ஆற்றுக்குத் திரள்வதை அவற்றிற் காண்கிறோம். தண்ணீரூற்றில் வாழும் நமக்கு அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. கடல்நீரெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்நீரால் விளக்கெரித்து, பின் வற்றாப்பளைக் கண்ணகையம்மனுக்கு வைகாசியிற் பொங்கும் பொங்கலைக் காண ஊர்கள் பல திரள்கின்றன. வெயிலும் புழுதியும் நெரிசலும் அங்கு மிகுதி. பூங்காவின் ஒழுங்கில் நூற்றிலொரு பங்கும் இல்லை. எனினும் பிள்ளையைத் தாய் ஒருத்தியே காவல் செய்யவேண்டியதில்லை. சுற்றம் முழுவதும் காவல் செய்கிறது. சுற்றத்தைப் பிரிந்து அயல்நாட்டில் வாழ்வோர் நுழைவுச்சீட்டு வாங்கிப் பெறுவது இதனையே என்று தோன்றுகிறது.

அம்மாணவர் அண்மையில் குடும்பத்துடன் பொங்கலுக்கு வந்திருந்தார். கோயில் வெளியில் என்னோடு நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தவரிடம், பிள்ளைகள் எங்கே என்றேன். "எங்கேயாவது பெரியம்மாவோடு நிற்பார்கள், சேர்" என்றார், திரும்பிப் பாராமலே.