நாய் கவனம், நாய்கள் ஜாக்கிரதை

"உங்க ஊர்ல நாயை முற்றத்துல விட்டு மிச்சச் சோத்தைப் போடுவீங்க. அதுக்குப் பேர் வளர்க்கிறதாங்க?" என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருப்பவர். வீடு பார்க்க வருகிறவர்களிடம் அவருடைய முதல் கேள்வி, "பெட்ஸ் ஏதாவது இருக்கா?" இருந்தால் வீடு இல்லை. வளர்ப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர் இவர்!

எங்கள் யாழ்ப்பாணத்தில் வாடகை பேசும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் அறியேன். கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ வீடுகளுக்குச் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். திறப்பு ஒரு சித்தப்பாவின் கையில். அவர் கிணற்றடி, மாமரம், குசினி எல்லாம் காட்டி முடித்து, மதிலோரம் படுத்திருப்பதையும் காட்டுவார்: "இவன் ரைகர். முந்தி இருந்த ஆக்கள் விட்டிட்டுப் போனது. ஒரு பிடி சோறு வையுங்கோ, காணும்." கேற்றில் 'நாய் கவனம்' பலகை ஏற்கெனவே தொங்கும். சென்னையில் அதையே 'நாய்கள் ஜாக்கிரதை' என்கிறார்கள். அந்தப் பலகை பெரும்பாலும் சொந்த வீட்டு வாசலில்தான்.

சட்டம் என்று வந்தால் இந்தியா முன்னே நிற்கிறது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் செல்லப்பிராணிக்குத் தடை விதிக்க முடியாது, லிப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வழிகாட்டியது. 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் அப்படிப்பட்ட தடை செல்லாது என்றது. இலங்கையில் எங்களிடம் உள்ளது 1901ஆம் ஆண்டு நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதன்படி பதிந்த நாய் எங்கள் ஒழுங்கையில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அந்த வழிகாட்டலும் தீர்ப்பும் சங்கத்தின் வாயைத்தான் அடைத்தன. வீட்டுக்காரர் போடுவது 11 மாத ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் புதுப்பிக்க மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார். அதற்குள் கதவில் நாலு கீறல் விழுந்தால் அட்வான்ஸில் கழித்துவிடுவார். அவர் பயமும் பொய்யில்லை. அடைத்த பிளாட்டில் பூனை மூத்திரம் மெத்தையில் ஊறினால் அடுத்த குடித்தனக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார். எங்களுக்குச் சீமெந்துத் தரை, இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீரோடு சரி. நாய் கெடுப்பதென்றால் குரோட்டன் அடியைக் கிண்டும், அவ்வளவுதான்.

வளவு இருக்கிற திமிரில் எழுதுகிறேன் என்பீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் மாடிவீடு எடுத்த எங்கள் ஆக்கள் வேறு கதை சொல்லக்கூடும்; அதை அவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்தது ஊர். 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு வலிகாமமே போரில் இடம்பெயர்ந்து மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்ததைப் பற்றி எங்கள் ஆக்களிடம் கேட்டுப் பாருங்கள். விட்டுவந்த நகை, சைக்கிளோடு நாயின் பெயரும் வரும். மிச்சச் சோறு தின்ற நாய்தான். வாடகை வீட்டு நாயாகவும் இருந்திருக்கலாம்; சொல்லும்போது யாரும் அந்தப் பிரிவினை பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால் நாய் உள்ளவருக்கும் வீட்டுக்காரர் வீடு விடத்தான் வேண்டும், சென்னையிலும். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்கட்டும். அங்கே அதை வெறிநாய்க்கடி ஊசி என்பார்கள், மருந்து ஒன்றுதான். சேதத்துக்கு அட்வான்ஸ் கையில் இருக்கிறது. பகல் முழுக்க நாயை பால்கனியில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு வேண்டுமானால் இல்லை என்று சொல்லட்டும். அந்த நாய்க்கு எங்கள் சித்தப்பாவும் திறப்புக் கொடுக்க மாட்டார்.