அருளர் முதல் மாதா வரை: எம்.ஐ.ஏ.யின் இசைத்தொகுப்புகள் – ஒரு நோக்கு

கலைஞர் ஒருவரின் படைப்புகளை அவை வெளிவந்த ஒழுங்கிலேயே எடுத்து நோக்கும்போது, தனித்தனியே நோக்குங்கால் தென்படாத சில உண்மைகள் புலனாகின்றன. நாவலாசிரியரையும் கவிஞரையும் இவ்வாறு ஆராயும் வழக்கம் நம்மிடையே உண்டு. மேலை நாட்டு வெகுசன இசையில் ஈடுபட்டோரை அவ்வாறு ஆராய்வது அரிது. ‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயரால் உலகறிந்த மாதங்கி அருட்பிரகாசம் பற்றி நம்மவர் கூறுவன பெரும்பாலும் இரண்டே. ஒரு சாரார் ‘நமது பிள்ளை’ எனப் பெருமிதங் கொள்கின்றனர். மறு சாரார் போரை விற்றுப் பொருளீட்டியவர் எனக் கடிகின்றனர். இரு சாராரும் அவருடைய பேட்டிகளைப் படித்த அளவுக்கு அவருடைய இசையைச் செவிமடுத்ததாகத் தெரியவில்லை. அவ்விசையை விரும்பிக் கேட்கும் ஒருவரின் நோக்கிலிருந்து, ஆயினும் குறைகளை மறைக்காது, அவருடைய ஆறு தொகுப்புகளையும் மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாதங்கி 1975இல் இலண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். 1986இல் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தார். தந்தை அருட்பிரகாசம், 1975இல் இலண்டனில் உருவான ஈரோஸ் இயக்கத்தின் நிறுவுநருள் ஒருவர். ‘அருளர்’ என்பது அவருடைய இயக்கப் பெயர். மகள் சூடிக்கொண்ட பெயரும் கருதத்தக்கது. எம்.ஐ.ஏ. என்பது போர்க்களத்தில் காணாமற்போனோரைக் குறிக்கும் இராணுவக் குறியீடு. காணாமலாக்கப்பட்டோரின் படங்களை ஏந்தித் தாய்மார் தெருவோரங்களில் அமர்ந்திருந்த ஒரு நாட்டில் இப்பெயர் வெறும் சொல்விளையாட்டாக ஒலிக்காது.

முதல் தொகுப்பு ‘அருளர்’ 2005இல் வெளிவந்தது. ஓவியமும் திரைப்படமும் கற்ற மாதங்கி முறையான இசைப்பயிற்சி இல்லாதவர். ரோலண்ட் எம்.சி.505 என்னும் சிறு தாளப்பொறியைக் கொண்டே தம் பாடல்களை அமைக்கத் தொடங்கினார். ஜமெய்க்காவின் டான்ஸ்ஹோல், அமெரிக்கக் கறுப்பரின் ஹிப்ஹொப், இலண்டன் இரவு விடுதிகளின் மின்னிசை ஆகியன இதில் ஒன்றையொன்று மோதுகின்றன. இதில் தமிழ் எங்கே உள்ளது? தலைப்பில் உள்ளது, அட்டையின் புலிச் சித்திரங்களிலும் துவக்குகளிலும் உள்ளது, பாடலடிகளில் ஆங்காங்கே வரும் போர்க்குறிப்புகளில் உள்ளது. ஆனால் ஒலியில் இல்லை. உள்ளடக்கம் ஈழத்தைச் சுட்ட, உருவம் கரீபியனிலிருந்து வருகின்றது. வேறோர் ஒடுக்கப்பட்ட மக்களின் தாளத்தைக் கடன்பெற்றுத் தன் கதையைக் கூறல் இயல்பானதே. எனினும் ஒலியாக மாறாத அடையாளம் சின்னமாகவே எஞ்சிவிடும். அவரைப் பற்றிய பிற்காலக் கண்டனங்கள் பல இச்சின்னங்களை ஒட்டியே எழுந்தமை தற்செயலன்று.

இரண்டாவது தொகுப்பு தாயின் பெயரைத் தாங்கிய ‘கலா’. 2006இல் அமெரிக்க விசா மறுக்கப்படவே, அங்கு நிகழவிருந்த ஒலிப்பதிவு இந்தியா, டிரினிடாட், லைபீரியா, அவுஸ்திரேலியா எனப் பல நாடுகளுக்கு இடம்பெயர்ந்தது. அவ்விடப்பெயர்வே தொகுப்பின் உருவத்தை நிர்ணயித்தது. ‘போய்ஸ்’, ‘பேர்ட் ஃப்ளூ’ ஆகிய பாடல்களில் உறுமி முழங்குகின்றது. வளைந்த கோலால் தோலைத் தேய்த்து எழுப்பப்படும் அவ்வொலி தாளமாகவும் முனகலாகவும் ஒருங்கே ஒலிப்பது. ‘பம்பூ பங்கா’வில், 1991ஆம் ஆண்டுத் ‘தளபதி’ திரைப்படத்துக்கு இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் பகுதி துண்டாக்கப்பட்டு மீண்டும் மீண்டும் வருகின்றது. முதல் தொகுப்பில் சின்னமாக நின்ற தமிழ் இங்கு தாளமாகியது. பாடலின் எலும்பாகியது எனலாம். உறுமி தமிழகக் கிராமங்களின் கருவியேயன்றி யாழ்ப்பாணத்தினதன்று என ஒருவர் தடை கூறலாம். ஆயின் 2006இல் தாயகத்தில் மீண்டும் போர் மூண்டிருந்தது. அடுத்த கரையின் தோற்கருவியில் தன் ஒலியைத் தேட நேர்ந்ததும் அகதி நிலையின் ஒரு கூறேயாகும்.

இத்தொகுப்பின் புகழ்பெற்ற பாடல் ‘பேப்பர் பிளேன்ஸ்’. 1982இல் த கிளாஷ் குழுவினர் வெளியிட்ட பாடலொன்றின் இசைத்துண்டின்மீது இது எழுந்தது. மென்மையான மெட்டு, பல்லவியில் சிறுவர் குரல்கள், அவற்றை இடைமறிக்கும் வேட்டொலியும் காசுப்பெட்டியின் ஒலியும். குடியேறுவோர் திருட வந்தவர்கள் என்னும் ஐயத்தை மறுத்து வாதாடாமல், அவ்வையத்தையே வாயிற் போட்டுக்கொண்டு நகைப்பது இப்பாடல். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டிய இதனை அங்குள்ளோர் பலர் களியாட்டப் பாடலாகவே கொண்டனர். கொழும்பு வாழ் தமிழருக்கு அது வேறுவிதமாகவே ஒலித்திருக்க வேண்டும். 2007 ஜூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. அந்த லொட்ஜுகளில் தங்குவோருள் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்குமாகக் காத்திருப்போர் பலர். ‘கலா’ வெளிவந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். தலைநகரிலேயே தங்கியிருப்பதற்குக் காரணங் காட்ட வேண்டியிருந்த ஒருவருக்கு, கள்ள விசாவைப் பற்றிய அப்பாடலின் பகடி விளக்கவுரை வேண்டாமலே விளங்கும்.

2010இல் வெளிவந்த ‘மாயா’ அவருடைய சொந்தப் பெயரைத் தாங்கியது. விமரிசகர் பலர் இதனைத் தோல்வி என்றனர். இரைச்சல் மிகுந்தது, மெட்டற்றது, சதி அச்சம் பிடித்தது என்பன அவர்களுடைய குற்றச்சாட்டுகள். இரைச்சல் மிகுந்ததென்பது உண்மையே. ஒரு பாடலில் துளைப்பொறிகளின் ஓசையே தாளமாகின்றது; வேறொன்றில் டெரெக் மில்லரின் கிட்டார் மெட்டல் இசைக்குரிய கடூரத்தோடு உறுமுகின்றது; ‘போர்ன் ஃப்ரீ’, சூசைட் என்னும் நியூயோர்க் இருவரின் 1977ஆம் ஆண்டுப் பாடலொன்றின்மீது ஓலமிடுகின்றது. ஆயின் ‘கலா’வுக்கும் ‘மாயா’வுக்கும் இடையில் நிகழ்ந்தது யாது? 2009 மே மாதம். அதற்கு முந்திய மாதங்களில் அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்னி மக்களைப் பற்றிப் பேசினார். அதன் பின் வந்த தொகுப்பில் ‘கலா’வின் உறுமி இல்லை, திரைப்பாட்டின் குதூகலம் இல்லை. ‘போர்ன் ஃப்ரீ’க்கு ரொமெய்ன் கவ்ராஸ் இயக்கிய காணொளியில், செந்நிற முடியுடைய இளைஞர்கள் படையினரால் சுற்றிவளைக்கப்பட்டுப் பாலைவெளியில் கொல்லப்படுகின்றனர். தமிழர் எவரும் அதில் இல்லை. ஆயினும் 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய காட்சியைக் கண்ட எவருக்கும் அது எதை நினைவூட்டுமெனக் கூற வேண்டியதில்லை. இங்கே தமிழ் சின்னமுமன்று, தாளமுமன்று, சொல்லொணாத ஒன்று. சொல் தவறிய இடத்தில் இரைச்சல் வந்துள்ளது. நமது ஒப்பாரியிலும் சொற்கள் சிதைந்து வெற்றோலமாகும் கட்டம் உண்டு. ‘மாயா’வை அக்கட்டத்தின் இசையாகக் கேட்பதே பொருத்தமுடைத்து. சதி அச்சம் என்னும் குற்றச்சாட்டுக்குக் காலம் விடை கூறியுள்ளது. தொகுப்பின் தொடக்கத்திலுள்ள, ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டு, நமது கணினிகள் அரசாங்கங்களோடு பிணைந்துள்ளன என்று கூறியது. 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அதனை நகைப்புக்கிடமற்றதாக்கின.

2013ஆம் ஆண்டின் ‘மாதங்கி’ ஒரு மீட்சி முயற்சி. தசமகா வித்தைகளுள் ஒருத்தியான மாதங்கி, இசைக்கும் வாக்குக்கும் உரியவள், எச்சிற் படையலை ஏற்பவள், விலக்கப்பட்டோரின் தெய்வம். பிறருடைய இசையின் மிச்சங்களை எடுத்துத் தன் பாடலைச் சமைக்கும் ஒருவருக்கு இதனினும் பொருத்தமான தெய்வம் கிடைப்பதரிது. ஆனால் இப்பொருத்தம் இசையில் நிகழ்வதிலும் பார்க்கக் கருத்தளவிலேயே மிகுதியும் நிற்கின்றது. ‘பேட் கேர்ள்ஸ்’ போன்ற வலிய பாடல்கள் சிலவற்றைத் தவிர்த்தால், ஒலியின் புதுமை ‘கலா’வை விஞ்சவில்லை. தன் பெயரைத் திருப்பி எழுதிய ‘எயிம்’ (2016) அகதிகளை உலகளாவிய பொதுப்பொருளாக்கியது. ‘போர்டர்ஸ்’ பாடலின் காணொளியில் வேலிகளில் ஏறும் மனிதரும் நிரம்பி வழியும் படகும் மறக்கவொண்ணாதவை. பாடலோ கேள்விகளின் பட்டியலாகவே அமைந்துவிட்டது. ‘மாதா’ (2022) தாயென்னும் சொல்லுக்கே மீள்கின்றது. முன்னைய தொகுப்புகளின் எதிரொலிகள் அதில் நிறைந்துள்ளன.

இவ்வரிசை உணர்த்துவது யாது? தந்தை, தாய், தான், தெய்வம் என விரியும் தலைப்புகளை நோக்குவோர் நேரானதொரு வளர்ச்சியைக் காண்பர். ஒலியை நோக்குவோர்க்கு அவ்வாறில்லை. ‘அருளர்’ கூறியது, ‘கலா’ ஒலித்தது, ‘மாயா’ கதறியது. அதன் பின்னர் வந்தவை பெரும்பாலும் விளக்கம் கூறின. கலை விளக்கமாகுமிடத்து அதன் ஆற்றல் குன்றுகின்றது. இவ்விதி இவருக்கு மாத்திரம் உரியதன்று. போருக்குப் பின் எழுந்த நமது கவிதைகள் பலவும் இதே இடரை எதிர்நோக்குகின்றன. பொருளின் நேர்மை உருவத்தின் வறுமையை ஈடுசெய்யும் என்னும் நம்பிக்கை நம்மிடம் வலுவாக உள்ளது. நமது பிள்ளை என்பதற்காக இவரைப் போற்றுவோரும், துவக்குகளை வரைந்தமைக்காக இவரைத் தூற்றுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் அட்டையைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுகின்றனர். விமரிசகர் பலர் தோல்வி என்ற ‘மாயா’வை ஒருமுறை முழுமையாகக் கேட்டபின் அவர்கள் வாதிடட்டும். அவ்விரைச்சலில் தமக்குத் தெரிந்த குரல் எதுவுமில்லை என உறுதியாகக் கூறவல்லார் நம்முள் பலர் இரார்.