தாண்டுவதற்கு முன்

நம் குதிரையேற்றச் சங்கத்தின் மலர்க் குழுப் பெரியவர்கள் பணித்ததால் எழுதுகிறேன். கேப்ரிலி இத்தாலியில் வகுத்த முன்சாய்ந்த இருக்கையை நாம் எல்லோரும் ஏற்றவர்கள்தான். தடைக்கு முன்னால் குதிரையை எவ்வளவு கைக்குள் வைப்பது என்பதில்தான் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் பிரிகிறார்கள். பெங்களூரிலும் இரு வழிகள் உண்டு. ஏ.எஸ்.சி. சென்டரின் ராணுவ வழி மூத்தது. 1996இல் எம்பஸி ரைடிங் ஸ்கூல் வந்தபின் சிவிலியன் வழியும் தழைத்தது. நம் ஊர்ப் பிள்ளை ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் தனிநபர் வெள்ளி வாங்கியபோது நமக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது. கடைசிக் கட்டமான தாண்டலுக்கு முன் அவர்தான் முதலிடம். அங்கே விழுந்த 4 தண்டப் புள்ளியில் தங்கம் ஜப்பானுக்குப் போனது. அந்த உயரத்தில் ஒரு கம்பின் விலை அவ்வளவு.

எங்கள் உஸ்தாத் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சேர்ந்த பிள்ளை முதலில் அங்கவடி இல்லாமல் ட்ராட்டில் சுற்ற வேண்டும். இறங்கியதும் குளம்பு சுத்தம் செய்ய வேண்டும். பிறகு தரையில் கிடத்திய கம்புகள், அப்புறம் முழங்கால் உயரம். "கை குதிரையோட வாய் கூடவே போகணும்" என்பார். போட்டிப் பாதையை நாங்களே காலடி எண்ணி நடந்து அளப்போம். இறங்க இரண்டடி, ஏற இரண்டடி கழித்து, மிச்சத்தில் நான்கடிக்கு ஒரு பாய்ச்சல். இரட்டைத் தடை நடுவே எட்டடி என்றால் ஒரே பாய்ச்சல்.

யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. இன்று சில இடங்களில் பாதையை நடப்பவர் பயிற்சியாளர். பிள்ளை போனோடு பின்னால் வருகிறது. அவர் ஐந்து பாய்ச்சல் என்றால் ஐந்து. மழை பெய்த மணலில் அது ஆறாகுமா என்று கேட்பதில்லை. சேணம் பூட்டுவதும் கழற்றுவதும் சைஸ் என்கிற குதிரைக்காரர். குதிரை மறுத்தால் உடனே சாட்டை. வாய் புண்ணா, முதுகு வலியா என்று பார்ப்பதில்லை. மீட்டர் உயரம் தாண்டிய படம் வீட்டுக்குப் போய்விட்டால் போதும். நடுவருக்கு வைக்கும் வணக்கம் தலையாட்டலாகிவிட்டது. பூட்ஸில் போன வாரச் சேறு! மூத்தவர் வந்தால் எழுந்து நிற்கக்கூட ஆளில்லை. இதையெல்லாம் பார்க்கவா பெரியவர்கள் இந்தச் சங்கத்தை வளர்த்தார்கள்?

செயற்குழுவிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில் இளையோர் பிரிவில், தடைக்குப் போகுமுன் அங்கவடியில்லா ட்ராட் ஒரு சுற்றைக் கட்டாயமாக்குங்கள். அதற்கு மதிப்பெண் போட நம் மூத்த உஸ்தாதுகளையே அழையுங்கள்.