பழந்தட்டுகளும் பின்பாட்டுக்காரரும்

விற்பனையினின்று மறைந்துபோன பழைய இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து, அவற்றின் ஒலியைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, வேண்டுவோர் விலையின்றிப் பதிவிறக்கிக் கொள்ளுமாறு வழங்கும் வழக்கம் கடந்த இருபது ஆண்டுகளாக உலகெங்கும் பரவியிருக்கிறது. இவ்வழக்கத்தால் மீண்டும் செவிக்கு எட்டிய இசைகளுள் ஒன்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'காஸ்பல்' இசை. அழியவிருந்த செல்வம் காக்கப்பட்டதென்று இதனைப் போற்றுவோர் உளர். பிறர் உடைமை பறிபோயிற்றென்று தூற்றுவோரும் உளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் தட்டிலிருந்து காக்கப்பட்டது எது, கைவிடப்பட்டது எது என்ற வினாவை இரு சாராருமே போதிய அளவு எழுப்பியதாகத் தெரியவில்லை.

'காஸ்பல்' என்னும் சொல்லுக்கு நற்செய்தி என்பது பொருள். தேவாலயத்துப் பாட்டாயினும் இதன் தாளமும் குழைவும் 'புளூஸ்' என்னும் துயரப் பாட்டோடு உறவுடையவை. சிகாகோ நகரில் வாழ்ந்த தாமஸ் டார்சி, முன்னர் மா ரெய்னி என்னும் புளூஸ் பாடகிக்குப் பியானோ வாசித்தவர். 1932ஆம் ஆண்டில் மனைவியையும் பச்சிளங் குழவியையும் ஒருசேர இழந்த துயரில் அவர் இயற்றிய பாட்டு, இன்றளவும் இவ்விசையின் தலைப்பாட்டாகப் போற்றப்படுகிறது. 1945 முதல் 1975 வரையுள்ள முப்பது ஆண்டுகளை இவ்விசையின் பொற்காலம் என்பர். நூவர்க்கில் சவாய், ஹூஸ்டனில் பீக்காக், லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்பெஷாலிட்டி, நாஷ்வில்லில் நாஷ்பரோ எனப் பல கம்பெனிகள் அக்காலத்தில் தட்டுகளை வெளியிட்டன. இவற்றுக்கும் கீழே, ஊர் தெரியாத, பேர் தெரியாத சிறு வெளியீட்டாளர் எத்தனையோ பேர்.

பின்னர்க் கம்பெனிகள் கைமாறின. பீக்காக் 1973இல் ஏ.பி.சி. கம்பெனிக்குப் போயிற்று, அதனை 1979இல் எம்.சி.ஏ. வாங்கிற்று; அதுவே பின்னாளில் யுனிவர்சல் ஆயிற்று. சவாயின் காஸ்பல் பதிவுகளை 1986இல் மிசிசிப்பி மாநிலத்து மலாக்கோ கம்பெனி வாங்கியது. வாங்கியோர் பெயர்பெற்ற சிலருடைய பாடல்களை மறுபடி வெளியிட்டனர். ஏனையவை பேழைக்குள் கிடந்தன. பேழைக்குள் கிடந்தவையாவது பேறு பெற்றவை. பல தட்டுகள், முதியோர் இறந்தபின் வீட்டைத் துப்புரவு செய்தவர்களால் குப்பையில் கொட்டப்பட்டன.

டெக்சாஸ் மாநிலம் வேக்கோ நகரிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் டார்டன், 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் இந்த இழப்பைப் பற்றி எழுதினார். பொற்காலத் தட்டுகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து கிடைக்காமற் போயின என்பது அவர் மதிப்பீடு. அக்கட்டுரையைப் படித்த சார்லஸ் ராய்ஸ் என்னும் செல்வர் பொருளுதவ முன்வந்தார். கறுப்பினக் காஸ்பல் இசை மீட்புத் திட்டம் அவ்வாறே பேய்லரில் உருவாயிற்று. ஒரு செய்தித்தாள் கட்டுரை ஓர் ஆவணகத்தையே எழுப்பியது, செய்தித்தாளுக்கு எழுதுவோர் மகிழத்தக்க செய்தி.

அத்திட்டத்தார் தட்டின் இரு பக்கங்களையும் பதிவு செய்கின்றனர். நடுவிலுள்ள முகப்புத் தாளையும் உறையையும் படமெடுத்து ஒலியோடு சேர்த்து வைக்கின்றனர். இரு பக்கங்களையும் என்பது சிறு சொல்லன்று. நாற்பத்தைந்து சுற்றுத் தட்டில் முதற்பக்கப் பாட்டே வானொலியில் ஒலிக்கும். மறுபக்கத்தைக் கேட்பார் குறைவு. அந்த மறுபக்கங்களைக் கேட்கக் கேட்க, குடியுரிமைப் போராட்டத்தையும் நிறவெறியையும் வெளிப்படையாகப் பாடும் பாடல்கள் தாம் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருப்பதை டார்டன் கண்டார். அதன் விளைவாக அவர் எழுதிய ஆய்வு நூல் 2014இலும் 2016இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. விருப்பப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபக்கத்தை விட்டுவிடும் தொகுப்பாளர், தாம் அறியாமலே ஒரு வரலாற்றை விட்டுவிடுகிறார்.

ஒலியின் தரத்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு. எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டின் வரி அகலமானது. பிற்காலத் தட்டுக்குரிய மெல்லிய ஊசியை அதில் வைத்தால் ஊசி வரியின் அடியில் உராய்ந்து இரைச்சலையே மிகுவிக்கும். ஆவணகத் தரத்தில் இரு தடங்களாகப் பதிவு செய்யும் ஒலிக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 34 மெகாபைட் இடம் வேண்டும். பதிவிறக்கத்திற்கெனச் சுருக்கிய எம்.பி.3 கோப்புக்கு ஒரு மெகாபைட் போதும். சுருக்கத்தில் நுட்பமான ஒலிகள் உதிர்கின்றன. இரைச்சலை நீக்குகிறோமென்று அளவு மீறி வடிகட்டினால் பாடகரின் மூச்சும் சபையாரின் கைத்தட்டும் உடன் போய்விடும். காஸ்பல் இசையில் கைத்தட்டு இரைச்சலன்று, அதுவே தாளக்கருவி.

இவ்விசையின் அமைப்பை நோக்கினால் இழப்பின் அளவு மேலும் விளங்கும். நால்வர் குழு என்று பெயரிருப்பினும் பாடுவோர் பெரும்பாலும் ஐவர் அறுவர். நால்வர் என்பது நான்கு சுர நிலைகளைக் குறிக்கும். முன்பாடகர் ஒரு சொல்லை எடுக்க, மற்றையோர் அதனை ஏற்று அதே அடியை மீட்டும் மீட்டும் பாடுவர். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடுவதைக் கேட்டுப் பழகியோர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஆனால் இங்கே பின்பாட்டு வெறும் ஏற்பு அன்று. பின்பாடுவோர் அடியை விடாது பற்றி நிற்பதனாலேயே, முன்பாடகர் தாளத்தை விட்டு விலகவும், கதறவும், சொல்லை நடுவில் முறிக்கவும் உரிமை பெறுகிறார். சோல் ஸ்டிரர்ஸ் குழுவினர் முன்பாடகர் இருவரை வைத்து ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கும் முறையைப் பரப்பியபோதும், பின்பாட்டின் பாரம் குறையவில்லை, கூடிற்று.

மேரிலாண்டு மாநிலத்து அக்குவாஸ்கோ என்னும் சிற்றூரைச் சேர்ந்த மைட்டி வொண்டர்ஸ் குழுவின் 'ஓல்டு ஷிப் ஆஃப் சயான்' என்ற பாட்டு இதற்கு நல்ல சான்று. பேய்லர் திட்டத்தால் வெளிச்சம் பெற்ற தட்டுகளுள் பலராலும் பேசப்பட்டது இதுவே. பெரிய கம்பெனியின் மெருகு இதில் இல்லை. அந்தக் குறையே அதன் அழகாயிற்று. முன்குரலும் பின்குரல்களும் ஒரே அறையில் நின்று ஒருவரையொருவர் தாங்குவது கேட்போர்க்குத் தெளிவாகப் புலனாகிறது. ஆனால் இத்தகைய சிறு தட்டுகளின் முகப்பில் பெரும்பாலும் குழுவின் பெயர் இருக்கும். தாங்கியோரின் பெயர்கள் இரா.

பெரும்புகழ் பெற்றோரிடத்தும் இதே நிலைதான். மகாலியா ஜாக்சன் பெயரை அறியாத இசையன்பர் அரியர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்குப் பியானோ வாசித்த மில்டிரெட் ஃபால்ஸ் பெயரை அறிந்தோரும் அரியரே. அவ்வம்மையாரின் இடக்கை உருட்டும் தாளத்தை எடுத்துவிட்டால் மகாலியாவின் பாட்டுகள் பலவற்றுக்குத் தரையே இல்லாமற் போகும்.

இனி, விலையின்றி வழங்கும் இசையன்பர்களின் பணியைக் குறைத்து மதிப்பிடல் தகாது. கம்பெனிகள் மறந்த குழுக்களை நினைவில் வைத்திருந்தோர் இவர்களே; தட்டின் எண், வெளியான ஊர், அச்சிட்ட ஆலை எனக் கம்பெனிகளிடமும் இல்லாத செய்திகளை இவர்களுட் சிலர் திரட்டி வைத்துள்ளனர். ஆனால் மிகப் பலர் வெளியிடும் கோப்புகள், முதலேடும் கடையேடும் இழந்த சுவடிகளைப் போன்றவை. குழுவின் பெயர், பாட்டின் பெயர் என்ற இரண்டோடு நின்றுவிடும். இயற்றியவர் பெயர், ஊர், தட்டெண், மறுபக்கம் யாவும் உதிர்ந்திருக்கும். கோப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் படியெடுக்கப்படுந்தோறும் எஞ்சியதும் குறையும்.

இவ்வன்பர்கள் தம் செயலுக்குக் கூறும் காரணம் ஒன்றுண்டு. பழைய ஒப்பந்தங்கள் பாடகருக்கு எதையும் தரவில்லை. ஆகவே காசு கொடுத்து வாங்கினாலும் அது பெருங்கம்பெனிக்கே போகும். விலையின்றி எடுப்பதால் பாடகருக்கு நட்டமில்லை என்பது அது. இதன் முற்பகுதியில் மெய் உண்டு. சிறு தொகையைக் கையில் கொடுத்து உரிமை முழுவதையும் எழுதி வாங்கும் வழக்கம் அக்காலத்தில் பரவியிருந்தது. பீக்காக் கம்பெனியின் டான் ரோபி, பிறர் இயற்றிய பாட்டுகளை விலைக்கு வாங்கி, டெட்ரிக் மலோன் என்ற புனைபெயரில் தம்மையே ஆசிரியராகப் பதிந்துகொண்டவர். இப்படிப்பட்ட பாட்டைக் காசு கொடுத்துப் பதிவிறக்குவதால் பாடகரின் குடும்பம் பிழைக்குமென்று சொல்வது நல்லெண்ணமே ஒழிய நடப்பு ஆகாது.

பிற்பகுதியோ பிழை. விலையின்றி வழங்கப்படுபவற்றுள் அன்பர்கள் மிகவும் விரும்பித் தேடுவன அரிய சிறு வெளியீடுகள். அவற்றிற் பல, பாடகர் தம் கைப்பொருளைச் செலவிட்டு அச்சிட்டவை. மெம்பிஸ் நகரில் ஸ்டைல் ஊட்டன் நடத்திய டிசைனர் ரெக்கார்ட்ஸ் இம்முறைக்குப் பெயர்பெற்றது: குழுவினர் பணம் கட்டுவர், பாட்டு பதிவாகும், அச்சான தட்டுகளை அவர்களே எடுத்துச் சென்று தேவாலய வாயிலில் விற்பர். இத்தகைய தட்டுக்கு உரிமையாளர் யார்? எங்கோ ஒரு பேரூரில் மூப்பெய்தி வாழும் பாடகராகவோ அவர் மக்களாகவோ இருத்தல் கூடும். பெருங்கம்பெனியைத் தண்டிப்பதாக எண்ணி எடுக்கும் பொருள், அந்த எளியவரின் பொருளாகிவிடுகிறது. எங்கே நட்டமில்லை என்கிறார்களோ அங்கேதான் நட்டம் நேரே பாடகரைச் சாருகிறது.

சட்டமும் நெடுங்காலம் இவர்களுக்குத் துணை நிற்கவில்லை. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு பிப்ரவரி 15க்கு முற்பட்ட ஒலிப்பதிவுகள் நாடு தழுவிய பதிப்புரிமைச் சட்டத்திற்கு வெளியே, அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் இருந்தன. இணைய வானொலியும் துணைக்கோள் வானொலியும் அவற்றை ஒலிபரப்பினால் பாடகருக்குப் பங்கு தரவேண்டுமென்று நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. காஸ்பல் பொற்காலம் ஏறக்குறைய முழுவதும் அக்கோட்டுக்கு அப்பால் விழுந்தது. 2018 அக்டோபரில் நிறைவேறிய இசை நவீனமாக்கச் சட்டம் இக்குறையை நீக்கிற்று. அத்தகைய ஒலிபரப்பால் வரும் தொகையில் பாதி பதிவின் உரிமையாளருக்கு. நூற்றுக்கு 45 முகப்பில் பெயர் பெற்ற பாடகருக்கோ குழுவினருக்கோ. எஞ்சிய 5, கூலிக்கு வந்த பின்பாடகருக்கும் கருவி வாசித்தோருக்கும். பழைய ஒப்பந்தம் எப்படியிருப்பினும் கம்பெனியைத் தாண்டிப் பாடுவோரிடம் செல்லும் பங்கு இது. சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் நிறுவனம் இதனைத் திரட்டிப் பகிர்கிறது. பின்பாடுவோர், வாசிப்போர் பங்கு அதற்கென அமைந்த நிதியத்தின் வழியே செல்கிறது. பெயர் தெரியாதவருக்கு எப்படிப் பகிர்வது? மைட்டி வொண்டர்ஸ் போன்ற குழுவில் பாடியவர் இன்னார் இன்னார் என்ற குறிப்பு எங்கும் இல்லையாயின், சட்டம் நீட்டும் காசு வாங்குவாரின்றி நிற்கும். ஆகவே பின்பாட்டுக்காரர் பெயரைத் தேடிப் பதிவது ஆராய்ச்சியாளரின் பொழுதுபோக்கன்று. அது சோற்றுப் பிரச்சினை.

அதே சட்டம் மறுபுறம் பூட்டும் போட்டிருக்கிறது. 1947 முதல் 1956 வரை வெளியான பதிவுகளுக்கு 110 ஆண்டுக் காப்பு. அதற்குப் பின் 1972 வரையுள்ளவற்றுக்கு 2067 பிப்ரவரி 15 வரை. 1950இல் முப்பது வயதில் பாடியவரின் தட்டு, அவருக்கு 140 வயதாகும் 2060ஆம் ஆண்டு கழிந்தபின்பே பொதுவுடைமையாகும்! கம்பெனிகளின் பேழைகளைக் கருதியே இக்கணக்குப் போடப்பட்டதென்று ஐயுறுவோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் ஒரு பக்கவாயில் திறந்திருக்கிறது. விற்பனையில் இல்லாத பழம்பதிவை ஆதாயம் கருதாது வழங்க விரும்புவோர், அது எங்கும் விற்கப்படவில்லை என்பதை நேர்மையாகத் தேடித் தெளிந்து, பதிப்புரிமை அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்கலாம். 90 நாட்களுக்குள் உரியவர் மறுக்காவிட்டால் வழங்கலாம். இசையன்பர்கள் இவ்வாயிலைப் பயன்படுத்துவது நன்று. அறிவிப்பைக் கண்டு உண்மையான உரிமையாளர் ஒருவர் முன்வந்து மறுப்பாராயின், அதுவும் ஆதாயமே. ஒரு பெயர் கிடைத்துவிடும்.

பெயர் கிடைத்தபின் நடக்கக்கூடியதற்கு மெம்பிஸ் நகரமே சான்று தருகிறது. அங்கே 1970களில் ஹுவான் ஷிப் என்னும் வானொலிப் போதகர் டி-வைன் ஸ்பிரிச்சுவல்ஸ் என்ற பெயரில் தட்டுகள் வெளியிட்டார். அவற்றின் மூலநாடாக்கள் பல ஆண்டுகளுக்குப் பின் மீட்கப்பட்டு, புரூஸ் வாட்சன் தொடங்கிய பைபிள் அண்டு டயர் என்னும் சிறு கம்பெனியால் 2019 முதல் மறுவெளியீடு கண்டன. வாட்சன் நாடாவோடு நிற்கவில்லை, பாடியவர்களையும் தேடினார். கோஸ்பல் சோல்ஸ் குழுவோடு முன்னாளில் பாடிய எலிசபெத் கிங், பதினைந்து பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பதிவுக்கூடத்தை விட்டு விலகிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அவ்வம்மையார் மீண்டும் பாடி, 2021இல் புதிய இசைத்தொகுப்பொன்று வெளிவந்தது. குரலில் முதுமை தெரிகிறது. ஆனால் பின்பாட்டு எழும்போது அதன்மேல் ஏறி நிற்கும் பழைய உரிமை சற்றும் தளரவில்லை. பழைய பாட்டும் புதிய பாட்டும் பதிவிறக்கத்திற்கு விலைக்குக் கிடைக்கின்றன. இங்கே கொடுக்கும் காசு பாடியவரைத் தேடிச் சென்றவர்களின் கையில் சேர்கிறது.

எல்லாத் தட்டுக்கும் ஒரு வாட்சன் அமைவார் என்று எதிர்பார்க்க இயலாது. ஆயினும் கோப்பு ஒவ்வொன்றிலும் செய்திகளை எழுதி வைப்பதற்கென்றே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது வெறுமையாகக் கிடக்கிறது. சிறு தட்டுகள் சிலவற்றின் முகப்பிலோ உறையிலோ ஊர்ப்பெயர் உண்டு. சில வேளை தேவாலயத்தின் பெயரும் உண்டு. அந்தத் தேவாலயங்களிற் பல இன்னும் ஞாயிறுதோறும் கூடுகின்றன. நாற்பத்தைந்து சுற்றுத் தட்டில் மூன்றாம் குரல் யாருடையது என்று கேட்டாலே சொல்லக்கூடிய மூதாட்டிகள் அங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். பதிவிறக்கத்திற்குக் கோப்பை ஏற்றுமுன் ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆகும் நேரம், தட்டின் ஒரு பக்கம் சுழன்று முடியும் நேரத்தைவிடச் சிறிதே கூடுதல்.